நகரசபைத் தேர்தலில் வரிசை வோட்டு முறை

குடிநீர், தெரு விளக்கு, சாக்கடை, சுகாதாரம் முதலிய காரியங்கள் ஜனங்களுடைய அன்றாட வாழ்க்கையோடு நெருங்கிய சம்பந்தமுடையவை. இவற்றை நடத்துவோர் ஊரில் பெரும்பாலோருடைய சம்மதம் பெற்றவர்களாயிருத்தல் அவசியம். ஆயினும் ஒரு ஸ்தானத்திற்கு மூவர், நால்வர் போட்டியிடும்பொழுது, சாதாரணத் தேர்தல் முறையில் இந்தச் சம்மதம் கிடைத்ததா என்பதே விளங்காமற் போகிறது.

உதாரணமாக, 1000 வோட்டர்கள் உள்ள ஓர் ஊரில் மூவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் முதலில் குடிநீர்க் குழாய் போடவேண்டுமென்பவர்கள். மற்றொருவர் அது இப்பொழுது வேண்டாமென்பவர். குழாய் வேண்டுமென்போரின் வோட்டு 350, 250 என இரண்டாகப் பிரிகிறது. வேண்டாமென்பவர் 400 வோட்டுப் பெற்று ஜயிக்கிறார். 600 பேர் குழாயை விரும்பியும் ஊருக்குக் குழாய் வரவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு ஏற்பட்டதே வரிசை வோட்டு முறை.

முறை யாது?

வோட்டர் தமக்கு மிகவும் விருப்பமான அபேட்சகரின் பெயருக்கு நேரே 1 என்றும், அவருக்கு அடுத்தபடியாக விரும்புவோருக்கு 2, 3 என்றும் குறிப்பிடுகிறார். முதல் விருப்ப வோட்டுகளில் பாதிக்கு மேல் ஒருவர் பெற்றிருந்தால் அவரே ஜயித்தவர். அவ்விதம் ஒருவரும் பெறாவிடில், எல்லோரினும் குறைவாகப் பெற்றவர் விலக்கப்படுகிறார். அவருடைய சீட்டுகள் வீணாவதில்லை. அவற்றில் கண்ட அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. எண்ணிக்கையில் மீதியுள்ள சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒருவருக்குச் சேரும் வரை இவ்வாறே செய்யப்படும். மேற்சொன்ன ஊரில் 250 பெற்றவர் விலக, அவரை விரும்பியோர் குழாய் வேண்டுமென்னும் மற்றவருக்கு 2 என்று குறித்திருந்தால், அவர் 600 பெற்று ஜயிப்பார்.

இது நம் தேசத்திற்குப் புதியதன்று. ராஷ்டிரபதியின் தேர்தலில் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இவ்விதமே வோட்டளிக்கின்றனர். 1969-ல் ஸ்ரீ வி. வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் 4,01,515 மதிப்புள்ள வோட்டுகளே கிடைத்தன, வேண்டியதோ 4,18,169. பிறகு அடுத்த விருப்பங்களைச் சேர்த்ததன் பேரில் 4,20,077 பெற்று அவர் ஜயித்தார்.

ஒரு நகரத்தின் அனுபவம்

நகரசபைத் தேர்தலில் இம்முறையின் நன்மை தீமைகளை அறிய அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்திலுள்ள பர்லிங்டன் நகரத்தின் வரலாறு மிகவும் பயன்படும். அந்நகரம் 2006-லும் 2009-லும் மேயரை இம்முறைப்படி தேர்ந்தெடுத்தது. 2009-ல் குடியரசுக் கட்சியின் ரைட் 2951, முற்போக்குக் கட்சியின் கிஸ் 2585, ஜனநாயகக் கட்சியின் மான்ட்ரோல் 2063, சுயேச்சையான ஸ்மித் 1306 முதல் விருப்ப வோட்டுகள் பெற்றனர். பழைய சாதாரண முறையானால், மூன்றிலொரு பங்கு வோட்டு மாத்திரம் பெற்ற ரைட் முதலிடத்தில் நின்றிருப்பார். ஸ்மித்தும் பின்னர் மான்ட்ரோலும் விலக்கப்படவே, கிஸ் 4313-ம் ரைட் 4061-ம் பெற்றனர்; கிஸ் மேயரானார்.

இதனால் ரைட்டை ஆதரித்தோர் மனவருத்தமடைந்தனர். பின்னர் சீட்டுகளை ஆராய்ந்ததில், மான்ட்ரோலையும் மற்ற ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்பிட்டால் எல்லோரையும் மான்ட்ரோலே வென்றிருப்பார் என்பது வெளியாயிற்று. ஜனங்களிற் பெரும்பாலோர் ஏற்கக்கூடிய ஒருவர், முதல் விருப்பம் குறைவாயிருந்ததனால் நடுவிலேயே விலக்கப்படலாம் என்பது இம்முறையின் உண்மையான குறை. இதை மறைத்தல் தகாது. அத்துடன், நகரத்துக்குச் சொந்தமான டெலிகாம் ஸ்தாபனத்தின் பணநெருக்கடியால் மேயர்மீது அதிருப்தியும் உண்டாயிற்று. 2010-ல் வோட்டர்கள் 3972-க்கு 3669 என்ற கணக்கில் இம்முறையை நீக்கினர்.

அதன்பின் 100-க்கு 40 பங்கு பெற்றாலே மேயராகலாம் என்ற விதி மீண்டும் வந்தது. 2021 மார்ச்சு மாதத்தில் ஒருவர் சுமார் 43 பங்கு வோட்டுடன், 129 வோட்டு வித்தியாசத்தில் மேயரானார். அதே தினத்தில் நகரசபை அங்கத்தினர் தேர்தலுக்கு வரிசை முறை திரும்ப வேண்டுமென்று 100-க்குச் சுமார் 64 பேர் தீர்மானித்தனர். 2023-ல் மேயர் தேர்தலுக்கும் அதை விரிவாக்கச் சம்மதித்தனர். ஒருமுறை கைவிட்டவர்களே மறுபடியும் விரும்பி ஏற்றது கவனிக்கத்தக்கது.

செய்யவேண்டியவை

இம்முறை நன்கு நடைபெறுவதற்குச் சில ஏற்பாடுகள் அவசியம். முதலாவது, தேர்தலுக்கு முன்னரே மாதிரிச் சீட்டுகளைக் கொண்டு வோட்டர்களுக்குப் பயிற்சியளிக்கவேண்டும். 1 என்று மாத்திரம் குறிப்பவரின் சீட்டு, அந்த அபேட்சகர் விலகியதும் பயனற்றுப் போய்விடும். பர்லிங்டனில் 2009-ல் போடப்பட்ட சுமார் 9000 சீட்டுகளில் கடைசிச் சுற்றில் யாருக்கும் சேராதவை சுமார் 600. இரண்டாவது, எண்ணிக்கை ஒழுங்காக நடைபெறவேண்டும். நியூயார்க் நகரத்தில் 2021-ல் கட்சி அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும் தேர்தலின்போது, சோதனைக்காக வைத்திருந்த சுமார் 1,35,000 வோட்டுகள் தவறுதலாகக் கணக்கிற் கலந்து வெளியிடப்பட்டமையால் பெருங் குழப்பம் நேர்ந்தது. மூன்றாவது, ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் எவரும் சரிபார்க்கும்படி பகிரங்கப்படுத்தவேண்டும்.

குறையில்லாத தேர்தல் முறை உலகில் எதுவுமில்லை. ஆனால் ஒத்த கருத்துடையோர் இருவர் நின்றதனால் ஊராரின் எண்ணம் தோற்றுப் போவதையும், வோட்டு வீணாகுமோ என்று அஞ்சித் தாம் விரும்பாதவருக்கு ஒருவர் வோட்டளிப்பதையும் வரிசை முறை பெரும்பாலும் தடுக்கிறது. ஆகையால் மூவருக்கு மேற்பட்டோர் அடிக்கடி போட்டியிடும் நகரசபைகளில் இம்முறை ஆதரிக்கத்தக்கதே. ஸ்தல ஸ்தாபனங்களில் சிரத்தையுள்ளோர் இதன் குணதோஷங்களைத் தத்தம் ஊர்ச் சங்கங்களில் கலந்து ஆலோசிப்பது நலம்.