கச்சேரிக்கும் விழுந்தது பூட்டு!

கதவடைப்பு என்றால் மில்லில்தான் என்று நினைக்காதீர்கள். வாத்தியக்காரர்களையும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்!

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் 1959-ல் தொடங்கியது செயின்ட் பால் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று சின்னக் கோஷ்டி. எல்லாரும் சம்பளக்காரர்கள். கோல் வீசி நடத்தும் 'கண்டக்டர்' (பஸ் கண்டக்டர் அல்ல!) இல்லாமலே பல கச்சேரி நடக்கும்.

2012 அக்டோபரில் தகராறு. வரவு போதவில்லை, சம்பளத்தைக் குறைப்போம் என்றது நிர்வாகம். முடியாது என்றார்கள் கலைஞர்கள். விழுந்தது பூட்டு!

ஆறு மாதம் சம்பளம் கிடையாது. சும்மா இருந்தார்களா? தாங்களே மேடை பிடித்து வாசித்தார்கள்!

2013 ஏப்ரல் கடைசியில் சமரசம். சம்பளம் குறைந்தது. 34 இடம் 28 ஆயிற்று. பழைய கைகள் சிலர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

1,100 பேர் உட்காரும் புது அரங்கம் 2015-ல் திறந்தது.