பத்துப் பள்ளிகளுக்கு ஓர் அடுப்பு



காசிமேட்டில் மீன் ஏலம் பொழுது புலருமுன்னரே தொடங்கிவிடுகிறது. அங்குச் செல்லும் தாய்மாருக்கும், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் காலை முறைக்குச் செல்லும் தந்தையருக்கும் வீட்டில் அடுப்பு மூட்ட நேரம் வாய்ப்பதில்லை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு வாய்பாடு மனத்தில் ஏறாது என்பதை அறிய உளநூல் கற்க வேண்டுமா?

சென்னை நகராண்மைக் கழகம் 1920ஆம் ஆண்டிலேயே இதனை உணர்ந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர், இன்று வண்ணாரப்பேட்டைக் கல்லூரி ஒன்று பெயர் தாங்கி நிற்கும் சர் பிட்டி தியாகராயர். மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கப்பட்டது. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாமையால் 1925இல் அது நின்றது. பசி நிற்கவில்லை. காமராசர் 1956இலும், எம்.ஜி.ஆர். 1982இலும் மாநிலம் தழுவ நடத்திய உணவுத் திட்டங்களை நீங்கள் அறிவீர்கள். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. சென்னையில் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிப் பல பள்ளிகளுக்கு வண்டியில் அனுப்பும் முறை கைக்கொள்ளப்பட்டது.

பள்ளிகள் இவ்வாறு ஒன்றுசேர்வதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இத்திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், பருப்பு 15 கிராம். நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 5 கிலோ ரவையும் ஒன்றரைக் கிலோ பருப்பும் போதும். இவ்வளவு சிறிய தேவைக்குச் சில்லறை விலைதான் கிடைக்கும். பத்துப் பள்ளிகள் கூடினாலோ 50 கிலோ ரவை, 15 கிலோ பருப்பு. மொத்த விலைக்கு வாங்கலாம். அதைவிடப் பெரிது, வண்டு விழுந்த மூட்டையை வணிகரிடம் திருப்பியனுப்பும் துணிவு. ஒற்றைப் பள்ளி இதற்குத் தயங்கும். பத்துப் பள்ளிகளின் வாடிக்கையை இழக்க எந்த வணிகரும் விரும்பார்.

இட நெருக்கடியும் ஒரு காரணம். இராயபுரத்தில் வகுப்பறைக்கே இடம் போதாத பள்ளிகளில் அடுப்பை எங்கே வைப்பது? கும்பகோணத்தில் 2004 சூலை 16ஆம் நாள் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதன் பிறகும் வகுப்பறையை ஒட்டி அடுப்பெரிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஆயினும் பொது அடுப்புக்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரு பள்ளியில் உணவு கெட்டால் நூறு பிள்ளைகளுக்குக் கேடு. பொதுக்கூடத்தில் கெட்டால் ஆயிரம் பிள்ளைகளுக்கு. சமைத்த உணவின் வெப்பம் 60 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் நோய்க்கிருமிகள் பெருகும். நம் பகுதியிலோ துறைமுகத்தை நோக்கிக் கொள்கலன் லாரிகள் வரிசை கட்டினால், திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட வண்டி எப்போது இராயபுரம் சேரும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகவே, நகரம் முழுமைக்கும் ஒரு மாபெரும் கூடம் என்பதைவிட, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒன்று என்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. பெரிய கொப்பரையில் பொங்கல் அடிபிடிக்கும் என்பதைச் சமையற்காரரிடம் கேட்டால் அவரும் சொல்வார்!

மொத்தமாக வாங்கலாம், மொத்தமாகச் சமைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் மட்டும் அந்தந்தப் பள்ளியிடமே இருக்க வேண்டும். பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவரேனும் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று மதிய உணவுத் திட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இது வெறும் சடங்கன்று. சுவைத்தவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஆற்றல் இருக்க வேண்டும். சமையலை ஒப்பந்தத்திற்கு விடும் பள்ளிகள் விலையை எழுதுவதோடு நிறுத்திவிடலாகாது. வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், புளித்த சாம்பாரைத் தலைமையாசிரியர் திருப்பியனுப்பினால் முதல் மணி அடிப்பதற்குள் மாற்றுணவை யார் கொண்டுவருவார், அதன் செலவு யாரைச் சாரும் என்பவற்றுக்கும் அந்தத் தாளில் விடை எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.