ஆயாவின் பக்குவத்தை எழுதி வையுங்கள்

பிள்ளைகளே, ஜவ்வாது மலையில் விளையும் சாமையிலிருந்து ஒரு புதிரைத் தொடங்குவோம். அறுத்து, அடித்து, நன்றாகக் காயவைத்து, உமியோடு குதிரில் கொட்டிய சாமை ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அதே சாமையைக் குத்தி அரிசியாக்கி டப்பாவில் போட்டு வையுங்கள். சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும். தானியம் ஒன்று, வீடும் ஒன்று. உலக்கை விழுந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. பிறகு ஏன் இப்படி?

புதிரை அவிழ்ப்பதற்கு முன் மலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலை மேலிருக்கும் பெரிய ஊர் ஜமுனாமரத்தூர். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைவாசிகள். ஆடி மாத மழையில் சாமை விதைப்பார்கள். மழை ஓய்ந்து பனி இறங்கும் காலத்தில் அறுப்பார்கள். காட்டில் நெல்லியும் கடுக்காயும் தேனும் கிடைக்கும். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். கோடையில் பலா பழுக்கும். எந்த மாதம் எது கிடைக்கிறதோ அதுவே அந்த மாதத்துச் சமையல். மிஞ்சியதை அடுத்த பருவம் வரை கெடாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். அந்த வித்தை இந்தப் பக்கத்து ஆயாக்களின் கையில் இருக்கிறது.

இப்போது புதிருக்கு வருவோம். ஒரு சாமை மணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வழவழப்பான, கெட்டியான உமி அதை முழுக்க மூடியிருக்கும். உமிக்குள்ளே மெல்லிய தவிடு, ஒரு முனையில் குட்டி முளை. மணியிலுள்ள எண்ணெயில் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. எண்ணெயை உடைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் மணிக்குள்ளேயே இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை நொதி ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று சும்மா இருக்கும். உலக்கை விழுந்து தவிட்டின் செல்கள் நசுங்கியதும் இரண்டும் கலந்துவிடும். நொதி எண்ணெயை உடைக்கிறது, கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றோடு சேர்கிறது. அப்போது பிறக்கும் பொருள்களின் வாசம்தான் சிக்கு வாடை.

“வேணும்ங்கிறப்போ வேணும்ங்கிற மட்டும் குத்திக்கோ” என்று ஆயா சொல்வதற்குக் காரணம் இதுதான். லைப்பேஸ் என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் எப்படிக் கடையில் மாதக்கணக்கில் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதில் தவிட்டையே எடுத்துவிடுகிறார்கள். கெட்டுப்போக எண்ணெய் அதிகம் இல்லை. ஆனால் தவிட்டோடு நார்ச்சத்தும் வைட்டமின்களும் சேர்ந்து போய்விடுகின்றன. எனக்கென்னவோ அது நல்ல வியாபாரமாகத் தோன்றவில்லை.

உமிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரிசியைத் துளைக்கும் கூன்வண்டு, மணிக்குள் துளையிட்டு முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். சாமை மணியோ மிகச் சிறியது, போதாததற்கு உமி வேறு கவசம் போட்டிருக்கிறது. அந்தப் புழு வளர அங்கே இடமே இல்லை. விதைக்கென்று எடுத்து வைக்கும் தானியத்தில் சாம்பலைக் கலந்து வைப்பார்களே, அதுவும் பூச்சியை விரட்டத்தான். பூச்சியின் உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. சாம்பல் துகள் அதைச் சுரண்டிவிட்டால், உடம்பிலுள்ள நீர் வெளியேறிப் பூச்சி காய்ந்து செத்துவிடும்.

நீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நீர் வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. ஸ்காட் என்ற ஆய்வாளர் 1953-இல் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார். உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் நுண்ணுயிருக்குக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். இதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. சுத்தமான நீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர மாட்டா. பூஞ்சைகள் அதற்கும் கீழே தாக்குப்பிடிக்கும். 0.6-க்குக் கீழே எதுவும் வளராது. காய்ந்த சாமையில் நீரே குறைவு. உப்பில் ஊறிய நெல்லிக்காயில் நீர் இருக்கிறது, ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மலைத்தேனில் நூற்றுக்கு 17 முதல் 20 பங்கு வரை நீர்தான். அவ்வளவையும் சர்க்கரை இறுக்கிப் பிடித்திருப்பதால் தேன் கெடுவதில்லை. (ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கைக்கு மட்டும் தேன் கொடுக்கக் கூடாது. அதில் உறங்கிக் கிடக்கும் ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் விழித்துக்கொள்ளலாம்.)

அப்படியானால் எதையும் காயவைத்தால் போதுமா? போதாது. பலாக்கொட்டையைப் பாருங்கள். அதை ஈரமான செம்மண்ணிலோ மணலிலோ புதைத்து வைப்பது பழைய வழக்கம். சாமையை வெயிலில் காயப்போடு என்று சொல்லும் அதே ஆயா, பலாக்கொட்டையைக் காயவிடாதே என்கிறார். முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிறது அல்லவா? இரண்டுமே சரி.

சாமை விதை செடியிலேயே உலர்ந்து உறக்கத்துக்குப் போய்விடுகிறது. எவ்வளவு உலர்கிறதோ அவ்வளவு நாள் உயிரோடிருக்கும். பலாக்கொட்டை உறங்குவதே இல்லை. ஈரமான காட்டில் விழுந்த கையோடு முளைக்கவே அது பிறந்திருக்கிறது. உலர்ந்தால் உயிர் போய்விடும். 1973-இல் ஈ. எச். ராபர்ட்ஸ் என்ற அறிஞர் விதைகளை இப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பெயர் வைத்தார். உலர்த்தினால் வாழும் விதைகள் ஒன்று, உலர்த்தினால் சாகும் விதைகள் மற்றொன்று. உயிருள்ள கொட்டை தன்னைத் தானே காத்துக்கொள்ளும், எளிதில் அழுகாது. அதனால்தான் மண்ணுக்குள் இருந்த கொட்டையைச் சில வாரம் கழித்துத் தோண்டி எடுத்தும் குழம்பில் போட முடிகிறது.

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தைத்து, ஆயாவின் பக்குவங்களை எழுதத் தொடங்குங்கள். சமையல் புத்தகங்களில் பொருளும் அளவும் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். எந்த மாதம், எப்படிப்பட்ட வெயில், ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஆயாவின் வாயில் மட்டும் இருக்கிறது. எழுதாவிட்டால் அது அவரோடு போய்விடும். சாமையைக் காயவை, பலாக்கொட்டையைக் காயவிடாதே என்ற இரண்டு வரிகளும் காரணம் இல்லாமல் நம் கைக்கு வந்தால், ஐம்பது வருடம் கழித்து யாராவது ஒன்றைத் தப்பு என்று அடித்துவிடுவார்கள்.

எப்படி எழுதுவது? ஜவ்வாது மலையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மலை மேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி பொருத்திய அங்குள்ள பெரிய தொலைநோக்கிக்கு 1986-இல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். விண்மீனைப் பார்த்து எழுதுபவர்கள் விண்மீனைப் பற்றி மட்டும் எழுத மாட்டார்கள். தேதி, நேரம், மேகம் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுவார்கள். நீங்களும் பக்கத்தின் தலைப்பில் தமிழ் மாதம், வெயிலா பனியா, எந்த ஊர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் எதற்கு என்று நினைக்காதீர்கள். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், நீரும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்தில் நீர் 97.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். மூடாத பானையில் மொச்சை வேக, கீழே திருவண்ணாமலையில் ஆவதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவும் நேரமாகும். புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் குளிரில் மெதுவாகத்தான் பெருகும். சித்திரையில் ஓர் இரவில் பொங்கிய மாவு, மார்கழியில் மறுநாள் மதியம் வரை காத்திருக்கச் சொல்லும்.

அடுத்தது அளவு. “ஒரு கைப்பிடி உப்பு” என்பார் ஆயா. மூன்று முறை அள்ளித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் கூட்டி மூன்றால் வகுத்தால், ஆயாவின் கைப்பிடி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஆழாக்கு, படி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுப் படியில் நீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் நீர் ஒரு மில்லிலிட்டர், ஆகவே கொள்ளளவு கைக்கு வந்துவிடும்.

“வாசம் வர்ற வரைக்கும் வறு” என்பதை மட்டும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அது மிகத் துல்லியமான அளவு. 1912-இல் பிரான்சு நாட்டு மெயார்டு கண்டுபிடித்துச் சொன்ன வினை அதில் இருக்கிறது. புரதத்தின் துணுக்குகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும். வறுக்கும்போது இது மளமளவென்று நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். வெப்பமானி இல்லாமலே ஆயாவின் மூக்கு அந்த வெப்பத்தைக் கண்டுபிடிக்கிறது. பக்கத்தில் எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாமை காய்ந்துவிட்டதா என்று பல்லில் கடித்துப் பார்ப்பதும் இப்படித்தான். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் ஈரம்.

சரிப்பட்டு வராததையும் எழுதுங்கள். பனிக்காலத்தில் போட்ட வற்றல் பூஞ்சை பிடித்திருந்தால் என்ன தேதி, எத்தனை நாள் வெயில் கிடைத்தது என்று எழுதிவிட்டு, வற்றலை மொத்தமாகக் குப்பையில் போட்டுவிடுங்கள். பூஞ்சையைச் சுரண்டிவிட்டுத் தின்னக் கூடாது. சிலவகைப் பூஞ்சைகள் விடும் நஞ்சு சமைத்தாலும் போகாது.

நோட்டு தயார். எதால் எழுதலாம்? பென்சில் நல்லது. அதிலுள்ள கிராஃபைட் வெறும் கரி, வெயிலில் வெளுக்காது. மஞ்சளால் எழுத ஆசை வந்தால் விட்டுவிடுங்கள், வெயில் பட்டால் மங்கிப்போகும். அட்டையில் பெயர் எழுத மட்டும் மலைக் கடுக்காயில் மை காய்ச்சிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, அவை மூழ்க வினிகர் ஊற்றி, லேசாக மூடி ஒரு வாரம் வையுங்கள். கடுக்காய்த் தோலை இடித்து நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பழுப்பு நிறச் சாறு கிடைக்கும். ஆணி ஊறிய நீரை அதில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், கண்ணெதிரே கறுக்கும்! கடுக்காயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கறுப்பு நிறமாகின்றன. ஐரோப்பாவில் ஓக் மரத்துக் கழலைகளிலிருந்து இதே வேதியியலில் மை செய்து பல நூற்றாண்டுகள் எழுதினார்கள். இந்த மை துணியில் பட்டால் போகாது. புளிப்பு மிகுந்தால் காலப்போக்கில் தாளையும் அரிக்கும். அதனால் உள்பக்கங்களுக்குப் பென்சிலே போதும்.

சமையல் நோட்டில் எண்ணெயும் மாவும் ஒட்டும், அந்த வாசத்துக்குப் பூச்சி வரும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காப்பாற்ற வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துச் சூடம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். இவற்றிலிருந்து ஆவியாகும் எண்ணெய்களின் காட்டம் பூச்சிக்குப் பிடிக்காது. சூடத்தைத் தவிர மற்றவை அநேகமாக உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். சூடம் மட்டும் சின்னப் பிள்ளைகளின் வாய்க்குப் போகக் கூடாது, ஆகவே அது இல்லாமலே ஒரு சின்ன முடிச்சுக் கட்டி நோட்டோடு வையுங்கள். வாசம் குறைந்ததும் பொடியை மாற்றிவிடுங்கள்.