ஹோ காட்டில் அடைமழை: டிரெய்லருக்குள் ஒரு பகல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்தைச் சுற்றிவரும் 101-ஆம் எண் நெடுஞ்சாலையில், காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துப் போகிறவர்கள் மழையிடம் தப்புவது அரிது. பசிபிக் கடலின் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைத்தொடரில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. அந்தச் சரிவில் உள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அந்தப் பக்கம், வடகிழக்கில் உள்ள ஸ்க்விம் ஊருக்கோ சுமார் 400 மில்லிமீட்டர்தான்.

அதனால் வானம் இருண்டதுமே டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஸ்க்விம் பக்கம் வெயில் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. டன் கணக்கில் எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வளைவுகள் நிறைந்த ஈரச் சாலையில் போவது வீண் ஆபத்து. பக்கக் காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பதறிப்போய்க் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. டிரெய்லர் பிரேக்குக்கென்று ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை மெல்ல அழுத்தினால் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிடித்து, வண்டி நேராகும். இதைக் கொட்டும் மழையில் முதன்முறையாகச் செய்து பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கெட்டியான சரளைத் தரையில் வண்டி நிற்கிறதென்றால் அங்கேயே இருந்துவிடலாம்.

இருப்பதற்கும் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஹோ முகாமில் டிரெய்லருக்கு மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. மேகமும் வானுயர்ந்த ஸிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களும் மறைத்துவிட, கூரையில் இருக்கும் சோலார் பலகை பெயருக்குத்தான் வேலை செய்யும். குளிருக்கு ஹீட்டர் போட்டால், அது எரிப்பது புரொப்பேன் வாயு என்றாலும் அதன் விசிறி பேட்டரியைத்தான் தின்னும். எல்லோரும் உள்ளேயே இருப்பதால் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டியும் சீக்கிரம் நிரம்பும்.

ஆனால் பலரும் கவனிக்கத் தவறுவது உள்ளே உண்டாகும் ஈரத்தை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். ஹீட்டர் அதைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். சமையல் அடுப்பு அப்படியே வீட்டுக்குள் விடும். அதோடு நாலு பேர் மூச்சும் ஈரத் துணிகளும் சேர்ந்தால் ஜன்னல் கண்ணாடி வியர்க்கும், மெத்தையின் அடிப்பக்கம் ஓதம் ஏறும், சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். குளிரடித்தாலும் பரவாயில்லை, கூரைத் திறப்பையும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து வைக்கத்தான் வேண்டும். மெத்தையைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும். கதகதப்புக்காக அடுப்பைப் பற்றவைத்தபடி தூங்குவதோ உயிரோடு விளையாடுவது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க அடைமழையைவிட நல்ல சமயம் வாய்க்காது. கூரைத் திறப்பைச் சுற்றியும் விளிம்புகளிலும் பூசிய பசை வெயிலில் வெடித்திருக்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் உடனே கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை மாதக்கணக்கில் ஊறவைத்து உளுத்துப்போகச் செய்யும். மேல் அலமாரிகளின் உள்மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அங்கே நீர் புகுந்திருக்கிறது. வெளியே துணிப் பந்தலை விரித்திருந்தால் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். நடுவில் தேங்கும் தண்ணீரின் எடையே அதன் கம்பிகளை முறித்துவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். முகாமுக்குப் பக்கத்திலேயே 'ஹால் ஆஃப் மாஸஸ்' என்ற 1.3 கிலோமீட்டர் நடைபாதை. கோடையில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் பாசி, மழையில் உப்பி, மேப்பிள் கிளைகளிலிருந்து பச்சைத் தோரணமாகத் தொங்கும். விழுந்த பெருமரத்தின் முதுகில் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும். அடிமரம் மக்கிப்போன பிறகும் அந்த வரிசை கலையாது. வேர்கள் மட்டும் கவட்டைக் கால்களாக அந்தரத்தில் நிற்கும். எல்க் மான்களும் கண்ணில் படலாம். அவற்றைக் காப்பாற்றத்தான் 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தப் பகுதியைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1938-இல் அது தேசியப் பூங்கா ஆனது. வெயிலில் மட்டும் இந்தக் காட்டைப் பார்த்தவர் பாதியைத்தான் பார்த்தார் என்பேன்.

கிளம்புமுன் சாலை நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது. 2024 டிசம்பரில் புயல் வெள்ளம் காட்டுக்குப் போகும் ஒரே சாலையை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஊர்க்காரர்கள் நிதி திரட்டினார்கள், மாநில அரசும் பணம் ஒதுக்கியது; 2025 மே மாதத்தில்தான் வண்டிகள் மறுபடி உள்ளே போயின.