பழைய பந்தய மிதிவண்டிக்குப் புது வாழ்வு

விடுமுறை நாட்களின் அதிகாலையில் செமினியிலிருந்து புரோகா நோக்கிச் செல்லும் சாலையில் மிதிவண்டியோட்டிகள் அணியணியாகச் செல்வதை நாம் காண்கிறோம். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் மிதிவண்டி உழைப்பின் கருவியாக விளங்கியது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் ரப்பர்ப் பால் நிறைந்த வாளிகளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு விரைந்த காட்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இந்நாளில், அதே மிதிவண்டி உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய சாதனமாகிவிட்டது.

சில வீடுகளின் பின்கட்டில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட பந்தய மிதிவண்டி ஒன்று, கியர் பழுதுபட்டுத் துருவேறிச் சுவரோடு சாய்ந்து கிடப்பதுண்டு. பழைய இரும்பு வாங்குவோரிடம் அதனைத் தள்ளிவிடுவதற்குமுன் சற்றே சிந்திக்கலாம். அதன் இரும்புச் சட்டம் உறுதியாக இருக்குமாயின், பழுதடைந்த கியர் உறுப்புகளை அகற்றிவிட்டு, ஒற்றைப் பற்சக்கரம் கொண்ட நிலைச்சக்கர மிதிவண்டியாக அதனை மாற்றியமைக்க இயலும். இளைஞர்கள் இதனைப் 'பிக்சி' என அழைக்கின்றனர். இம்மாற்றத்தைச் செய்யும் முறையையும், செய்யும்போது ஒருபோதும் அகற்றலாகாத ஓர் உறுப்பைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

நிலைச்சக்கரம் என்பது யாது?

சாதாரண மிதிவண்டியில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். பின்சக்கரத்தின் அச்சுக்குடத்தில் பொருத்தப்பட்டுள்ள 'பிரீவீல்' என்னும் உறுப்பே அதற்குக் காரணம். முன்னோக்கி மிதிக்கும்போது அது சக்கரத்தைப் பற்றிக்கொள்கிறது. மிதிப்பதை நிறுத்தியதும் பிடியை விட்டுவிடுகிறது. நிலைச்சக்கர மிதிவண்டியில் பிரீவீல் கிடையாது. பற்சக்கரம் அச்சுக்குடத்தோடு நேரடியாக முடுக்கப்பட்டிருக்கும். எனவே, சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். மிதிகள் சுழலும்வரை கால்களும் ஓய முடியாது. மிதிகளைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும்.

இது புதுமையன்று. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' மிதிவண்டி இம்முறையிலேயே இயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரீவீல் பரவிய பின்னரே சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்து நிலைச்சக்கரம் படிப்படியாக விலகியது. ஆயினும் ஓடுதளப் போட்டிகளில் அது இன்றளவும் நிலைத்துள்ளது. செமினிக்கு அணித்தேயுள்ள நீலாய் நகரின் தேசிய வெலோட்ரோமில் 2017-ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டின் ஓடுதளப் போட்டிகள் நடைபெற்றன. 250 மீட்டர் சுற்றளவுள்ள அந்த ஓடுதளத்தில் பந்தய வீரர்கள் ஓட்டுபவை நிலைச்சக்கர வண்டிகளே. ரியோ ஒலிம்பிக்கில் 2016-இல் கெய்ரின் பிரிவில் வெண்கலமும், தோக்கியோவில் 2021-இல் வெள்ளியும் வென்று, 2017-இல் உலக வெற்றியாளராகவும் திகழ்ந்த நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் ஏறிச் சென்றதும் இத்தகைய வண்டியே.

மாற்றியமைக்கும் முறை

முதலில் சட்டத்தைச் சோதித்தல் வேண்டும். குழாய்கள் இணையும் இடங்களில் வெடிப்பு உண்டா, துரு உள்ளரித்துள்ளதா என நன்கு பாருங்கள். அடுத்து, பின்சக்கரத்தின் அச்சு நுழையும் பிளவைக் கவனியுங்கள். பழைய பந்தய வண்டிகளில் இப்பிளவு பெரும்பாலும் கிடைவாக்கில் நீண்டிருக்கும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் சங்கிலியை இறுக்குவதற்கு இது இன்றியமையாதது. பிளவு செங்குத்தாக இருக்கும் புதிய சட்டங்கள் இவ்வேலைக்கு எளிதில் ஒத்துவரமாட்டா.

இரண்டாவதாக, கியர் மாற்றும் கருவிகள், அவற்றின் கம்பிகள், பின்புறத்துப் பல்லடுக்குச் சக்கரங்கள் ஆகியவற்றைக் கழற்றிவிடலாம். முன்புறம் இரண்டு பற்சக்கரங்கள் இருந்தால் ஒன்று போதும். ஒன்றை அகற்றியபின் பழைய திருகாணிகள் நீளமாகிவிடுமாதலால், அவற்றுக்குப் பதிலாகக் குட்டையான திருகாணிகளைப் பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது படி பின்சக்கரமாகும். இதற்கெனச் செய்யப்பட்ட அச்சுக்குடத்தில் இரண்டு மறைகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். பற்சக்கரம் முடுக்கப்படும் மறை வலப்புறம் திருப்பினால் இறுகும். அதன்மேல் பொருத்தப்படும் பூட்டு வளையத்தின் மறையோ, இடப்புறம் திருப்பினால் இறுகும். இதன் நுட்பம் யாதெனில், முன்னோக்கி மிதிக்குந்தோறும் பற்சக்கரம் இறுகுகிறது. வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழலப் பார்க்கிறது. அப்போது அது பூட்டு வளையத்தையும் தன்னோடு திருப்ப முயல்வதால், எதிர்மறையுள்ள வளையம் மேலும் இறுகிப் பற்சக்கரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. சிலர் செலவைக் குறைக்கக் கருதி, பிரீவீலுக்குரிய சாதாரண அச்சுக்குடத்திலேயே நிலையான பற்சக்கரத்தை முடுக்கிவிடுகின்றனர். அதில் பூட்டு வளையத்துக்குரிய எதிர்மறை இராது. வண்டியை நிறுத்தக் காலை அழுத்தும் அதே கணத்தில் பற்சக்கரம் கழன்றுவிடக்கூடும். இச்சிக்கனம் உயிருக்கே உலை வைப்பதாகும்.

பின்சட்டத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஓடுதள அச்சுக்குடங்கள் வழக்கமாக 120 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. பழைய பந்தயச் சட்டங்கள் பல 126 மில்லிமீட்டர் அகலமுடையன. இருபுறமும் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையங்களை அச்சில் கோத்தால் இடைவெளி சரியாகிவிடும்.

நான்காவதாக, முன்பற்சக்கரமும் பின்பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். சங்கிலியைப் பின்புறமிருந்து நோக்கினால் அது சாயாமல் நேராகச் செல்லவேண்டும். கோணல் சங்கிலி விரைவில் தேயும். சில வேளைகளில் பற்களினின்று நழுவியும் விடும். நிலைச்சக்கர வண்டியில் ஓட்டத்தின்போது சங்கிலி நழுவினால் கால்களுக்குச் சக்கரத்தின்மீதுள்ள பிடி முற்றாக அற்றுப்போகும். சங்கிலி சிக்கிக்கொண்டாலோ பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

இறுதியாக, சங்கிலியை அளவாக இறுக்குதல். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே அசையவேண்டும். மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எவ்விடத்தில் சங்கிலி மிக இறுக்கமாக உள்ளதோ அவ்விடத்தில் வைத்து இதனைச் சோதியுங்கள். அதன்பின் அச்சின் நட்டுகளை ஸ்பானரால் உறுதியாக முடுக்கிவிடவேண்டும்.

பற்களின் கணக்கு

முன்பற்சக்கரத்தில் 42 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரம் 2.6 முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டராதலால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வோர் நிமிடத்துக்கு 90 முறை மிதிக்கவேண்டியிருக்கும். பழகியவர்களுக்கு இது இயல்பான அளவே.

ஆனால் செமினி வட்டாரம் சமதரையன்று. அணைக்கட்டுப் பக்கம் செல்லும் சாலை ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்கிறது. அங்கு ஓர் இறக்கத்தில் வண்டியின் வேகம் 50 கிலோமீட்டரை எட்டுமாயின், கால்கள் நிமிடத்துக்கு 150 முறை சுழலவேண்டும். அவ்வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காவிட்டால் மிதி காலை உதறித் தள்ளிவிடும். பின்புறம் 18 பற்களுள்ள சக்கரத்தைப் பொருத்தினால் ஏற்றம் எளிதாகும். ஆனால் இறக்கத்தில் கால்கள் இன்னும் வேகமாகச் சுழல நேரும். ஆகவே, பற்களின் எண்ணிக்கையை மாற்றி இறக்கத்தின் அபாயத்தைப் போக்கிவிட முடியாது என்பது தெளிவு. அங்கு நம்மைக் காப்பது பிரேக்கு ஒன்றே.

முன் பிரேக்கை அகற்றலாகாது

ஓடுதள வண்டிகளில் பிரேக்கு இல்லையே, நமக்கு மட்டும் ஏன் என்று இளைஞர்கள் வினவலாம். ஓடுதளத்தில் எல்லாரும் ஒரே திசையில் செல்கின்றனர். குறுக்கே லாரி வருவதில்லை, குழந்தை ஓடிவருவதில்லை. சாலையின் நிலை வேறு. வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகித் தரையின் பிடியை இழக்கிறது. ஆகவே, பின்சக்கரத்தை மட்டும் தடுத்து வண்டியை நிறுத்த முயன்றால், முன் பிரேக்கைப் பயன்படுத்துவதைவிட ஏறத்தாழ இருமடங்கு தூரம் ஓடியே நிற்கும். மழை பெய்த சாலையில் பின்சக்கரம் சறுக்கவும் செய்யும். கால் எவ்வளவு வலிமையுடையதாயினும் இந்த இயற்கை விதியை அது மாற்ற இயலாது. இதனை உணர்ந்தே பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டின் மிதிவண்டி விதிகள், நிலைச்சக்கர வண்டியாயினும் முன்சக்கரத்தில் பிரேக்கு இருத்தல் வேண்டுமென வகுத்தன.

நம் நாட்டிலும் ஒரு துயரப் பாடம் உண்டு. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலையில், ஜோகூர் பாருவில் 'லாஜாக்' எனப்படும் உருமாற்றிய மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்றுகொண்டிருந்த பதின்ம வயதுச் சிறுவர்கள் மீது கார் மோதியதில் 8 பேர் உயிரிழந்தனர். லாஜாக் வண்டி நிலைச்சக்கர வண்டியன்று. கைப்பிடியைத் தாழ்த்தி, பெரும்பாலும் பிரேக்கையும் கழற்றி, வேகத்துக்கென உருமாற்றப்படுவது அது. ஆயினும் வீட்டில் ஒரு ஸ்பானரும் ஓர் ஓய்வுப் பொழுதும் இருந்தால், பிள்ளைகள் வண்டியின் எந்த உறுப்பையும் கழற்றிவிட முடியும் என்பதை அத்துயரம் பெற்றோர்க்கு நினைவூட்டுகிறது. பிள்ளை வண்டியை மாற்றியமைக்க விரும்பினால் தடுக்கவேண்டியதில்லை. அவனோடு அமர்ந்து செய்யுங்கள். வேலை முடிந்ததும் முன் பிரேக்கு பற்றுகிறதா என்பதை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள்.

பழகும்போது

முதல் சில நாட்கள் சமமான, வாகனமற்ற திடலில் மட்டுமே ஓட்டவேண்டும். மிதிப்பதை நிறுத்தும் பழைய பழக்கம் உடலைவிட்டு எளிதில் நீங்காது. காலை மிதியோடு பிணைக்கும் வார்ப்பட்டை அணிதல் நலம். திருப்பங்களில் மிதிகள் சுழன்றுகொண்டேயிருக்கும். வண்டியை மிகவும் சாய்த்தால் உட்புற மிதி தரையில் உரசி ஓட்டுபவரைத் தள்ளிவிடும். கைலியையோ தளர்ந்த கால்சட்டையையோ அணிந்து ஓட்டவே கூடாது. காலணியின் கயிற்றை உள்ளே செருகிக்கொள்ளவேண்டும்.

வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சங்கிலியைத் துணியால் துடைப்பது சாதாரண வண்டியில் பழகிப்போன செயல். நிலைச்சக்கர வண்டியில் இதனை அறவே தவிர்க்கவேண்டும். துணி சிக்கினால் விரலும் உடன் செல்லும். சக்கரம் தானாக நிற்காது. மாதம் ஒருமுறை சங்கிலியை அளந்து பாருங்கள். அரை அங்குலச் சங்கிலியில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அதற்குமேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

வீணாகக் கிடக்கும் பழைய வண்டி ஒன்று, சில உறுப்புகள் நீங்கியதாலேயே எளிமையும் அழகும் பெற்று மீண்டும் சாலைக்கு வருவது மகிழ்ச்சிக்குரியது. தந்தை ஓட்டிய வண்டியை மகனோ மகளோ தம் கையாலேயே செப்பனிட்டு ஓட்டுவது அதனினும் மகிழ்ச்சிக்குரியது. கியரைக் கழற்றுங்கள், கம்பிகளைக் கழற்றுங்கள், தேவையற்ற பாரம் அனைத்தையும் நீக்குங்கள். முன் பிரேக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.