விழிப்புலனற்றோரும் பணிசெயல் முறைமைகளும்

விழிப்புலனற்றவர் கணினியை அறிவது திரைவாசிப்பான் என்னும் பேசும் மென்பொருளின் வழியேயாகும். பணிசெயல் முறைமை மாறின் அதுவும் மாறுகின்றது. விண்டோஸில் என்விடிஏயின் கட்டளைகள் வழக்கமாக 'இன்சேர்ட்' சாவியோடு பிறப்பன. அப்பிள் சாவிப்பலகையிலோ அச்சாவியே இல்லை. அங்கே வாய்ஸ்ஓவருக்குக் 'கொன்ட்ரோல்', 'ஒப்சன்' இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். லினக்ஸின் ஓர்காவுக்கு வேறு கட்டளைகள். விரல்களில் ஊறிய அறிவு இவ்வாறு செல்லாக்காசாகின்றது.

இதனைப் பழக்கக் குறைபாடு என ஒதுக்குதல் தவறென்பது எமது கருத்து. கருவி எவரது உடைமை என்ற வினாவும் இதனுட் கிடக்கின்றது. விண்டோஸுக்கான ஜோஸ் விலைக்குரியது. 2005 இல் மக் கணினிகளில் இடம்பெற்ற வாய்ஸ்ஓவருக்குத் தனிவிலை இல்லையெனினும், அப்பிள் கணினியை வாங்கியோர்க்கே அது கிட்டும். 2006 இல் என்விடிஏயை ஆக்கத் தொடங்கிய அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் தாமும் விழிப்புலனற்றவரே. அது இலவசமானது, மூலநிரலும் திறந்தது. யூஎஸ்பி நினைவகத்திற் கொண்டுசென்று பிறர் கணினியிலும் அதனை இயக்கலாம். அக்கணினியும் விண்டோஸாயிருத்தல் வேண்டும்.