அந்தவைலியாஸ்: ஆண்டிஸ் மலைப் பங்கு ஒன்றின் நானூறு ஆண்டுகள்

பெரு நாட்டின் தென்பகுதியில், பழைய இன்கா தலைநகரான குஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், வில்கனோத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள அந்தவைலியாஸ் என்னும் சிற்றூர், அதன் புனித பேதுரு ஆலயத்துச் சுவரோவியங்களுக்காக ‘அமெரிக்கக் கண்டத்தின் சிஸ்டைன் ஆலயம்’ என்று பயணக் கையேடுகளில் புகழப்படுகிறது. இந்தப் பட்டம் ஊருக்குப் பயணிகளைக் கொண்டுவந்த அளவுக்கு ஊரைப் புரிந்துகொள்ள உதவவில்லை. திருத்தந்தையரின் அரண்மனைக் கோயிலுக்கும் கெச்சுவா மொழி பேசும் உழவர்களின் பங்குக் கோயிலுக்கும் பொதுவானது வண்ணப்பூச்சு மட்டுமே. மேலும், ஆண்டிஸ் மலைநாட்டில் பங்கு என்பது வழிபாட்டு எல்லையாக மட்டும் அமையாமல், வரி, உழைப்பு, மொழி, வழக்கு, திருவிழா ஆகிய அனைத்தும் பின்னிக்கிடந்த ஆட்சி அலகாகவே தோன்றியது.

1569 முதல் 1581 வரை பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, மலைச்சரிவுகளில் சிதறி வாழ்ந்த ‘அய்யு’ எனப்படும் உறவுக்குழுக்களை, அதாவது பொது நிலத்தையும் பொது மூதாதையரையும் உரிமை கொண்டாடிய குடும்பத் தொகுதிகளை, அவர்களுடைய இருப்பிடங்களிலிருந்து பெயர்த்து, நடுவில் சதுக்கமும் அதன் ஓரத்தில் கோயிலும் நேர்த்தெருக்களும் கொண்ட புதிய ஊர்களில் குடியமர்த்தினார். ‘ரெதுக்சியோன்’ எனப்பட்ட இவ்வூர்களில் தலைவரி வாங்குவதும், ‘மித்தா’ என்ற சுழற்சிமுறைக் கட்டாய உழைப்பின்படி சுரங்கங்களுக்கு ஆள் அனுப்புவதும், திருப்பலிக்கு யார் வரவில்லை என்று கணக்கெடுப்பதும் ஒருசேர எளிதாயின. இன்றும் கோயிலின் முன்னே விரியும் சதுக்கமும், அதில் நிழல் பரப்பும் பிசோனாய் மரங்களும் (நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த, சிவப்புப் பூப் பூக்கும் மரங்கள்) அந்தக் காலத்து ஊரமைப்பை நினைவூட்டுகின்றன.

ஆட்சியாளர்களுக்கு எளிதாகாத ஒன்று மொழி. 1582-83-இல் கூடிய மூன்றாம் லிமா திருச்சங்கம், மக்களின் மொழியிலேயே மறைக்கல்வி தரப்பட வேண்டும் என்று தீர்மானித்ததன் விளைவாக, தென் அமெரிக்காவின் முதல் அச்சு நூல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மும்மொழிகளில் 1584-இல் லிமாவில் வெளிவந்தது. இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சேறி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. லிமா நூலின் உருவாக்கத்திலும் அதே சபையினருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த மொழிப் பணியின் மிகத் துணிச்சலான பக்கம் அந்தவைலியாசில் எழுதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்குப் பங்குக் குருவாக இருந்த ஹுவான் பெரேஸ் பொக்கனேக்ரா, கெச்சுவாவிலும் அய்மாராவிலும் வல்லவர்; இசையறிந்தவரும்கூட. திருமுழுக்குத் தொட்டி உள்ள அறையின் வாசலைச் சுற்றி, திருமுழுக்கு வாசகம் இலத்தீன், ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா, இன்று முற்றிலும் வழக்கொழிந்துவிட்ட புக்கினா ஆகிய ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருப்பது அவர் காலச் சூழலை நன்கு காட்டுகிறது. பங்குக் குருக்களுக்காக அவர் ஸ்பானியத்திலும் கெச்சுவாவிலும் இயற்றி 1631-இல் லிமாவில் அச்சிட்ட, 700 பக்கங்களைத் தாண்டிய சடங்குக் கையேட்டில், அன்னை மரியாவைப் போற்றும் ‘ஹனக்பச்சப் குசிகுயினின்’ என்ற கெச்சுவாப் பாடல் நான்கு குரல்களுக்கான இசைக்குறிப்புடன் இடம்பெற்றது. ஒரே வேளையில் பல குரல்கள் வெவ்வேறு பண்வரிசையில் இணைந்தொலிக்கும் பல்குரலிசையில், அமெரிக்கக் கண்டத்தில் முதன்முதலாக அச்சேறியது இதுவே. லிமா திருச்சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் ஐயத்துக்கு இடமளிக்கும் உள்ளூர் உருவகங்களை ஒதுக்கிவைத்திருக்க, இப்பாடலோ ஆண்டிஸ் மக்கள் வணங்கிய விண்மீன்களையும் விளைச்சலையும் மரியாவின் புகழுக்குள் தாராளமாக அழைத்துக்கொண்டது.

ஆயினும் பொக்கனேக்ராவை உள்ளூர்ப் பண்பாட்டின் காவலராகக் காண்பது பிழையாகும். கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைக்கும் ‘கிப்பு’ முறையைக் கொண்டு தம் பாவங்களை எண்ணிவைத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்களைப் பற்றி எழுதும் அவர், அந்தக் கிப்புகளைப் பறித்து எரித்துவிடுமாறு குருக்களுக்கு அறிவுறுத்தினார். மறுபுறம், மொழிப் பயிற்சிக்கு உகந்த இடமென்று இப்பங்கின்மீது கண்வைத்திருந்த இயேசு சபையாருடன் அவர் நீண்ட வழக்காட வேண்டியிருந்தது. 1628 முதல் 1636 வரை பங்கு அவர்கள் கையில் இருந்தது.

கோயில் பாடற்குழுவில் சேர்வதற்கு மக்களுக்கு இருந்த ஆர்வத்தைப் பக்தி ஒன்றால் விளக்கிவிட முடியாது. கோயில் பாடகர்களுக்கும் ‘பிஸ்கால்’ எனப்பட்ட கோயில் பணியாளர்களுக்கும் தலைவரியிலிருந்தும் மித்தாவிலிருந்தும் விலக்கு உண்டு. குரல்வளம் வாய்த்த இளைஞனுக்கு இசை என்பது சுரங்கத்திலிருந்து தப்பும் வழியாகவும் இருந்தது. அவர்கள் பாடிய பாடல்மாடத்தின் பழைய ஆர்கன்கள் இரண்டும், லூயிஸ் தெ ரியாஞோ வரைந்தவை எனக் கருதப்படும் சுவரோவியங்களும், உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆதரவுடன் நடந்து 2012-இல் நிறைவுற்ற பணியில் புதுப்பிக்கப்பட்டன. நுழைவாயில் சுவரில், முள் நிறைந்த ஒடுங்கிய பாதை விண்ணகத்துக்கும் மலர் தூவிய அகன்ற பாதை நரகத்துக்கும் செல்லும் காட்சி, பிளாண்டர்ஸ் நாட்டுச் செதுக்கோவியர் வீரிக்சின் அச்சுப்படத்தைப் பின்பற்றியது. வாசிக்கத் தெரியாதவரும் வெளியேறும்போது பார்த்தே தீர வேண்டிய இடத்தில் அது வைக்கப்பட்டுள்ளது.

1780-இல் இப்பகுதி முழுவதும் பற்றியெரிந்த இரண்டாம் துப்பாக் அமாருவின் கிளர்ச்சி பங்குகளையும் பிளந்தது. அவ்வாண்டு நவம்பரில் சங்கராரா ஊரில் அரசுப் படையினர் தஞ்சம் புகுந்த கோயில் எரிந்ததை அடுத்து, குஸ்கோ ஆயர் மொஸ்கோசோ கிளர்ச்சித் தலைவரான துப்பாக் அமாருவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1781-இல் அவர் கொல்லப்பட்டபின் இன்கா உடைகளும் இசைக்கருவிகளும் நாடகங்களும் தடைசெய்யப்பட்டன. கெச்சுவா மொழி ஆட்சிமொழித் தகுதி பெற 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணையார்களின் நிலம் உழவர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டதும் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தால்தான்.

இத்தனை மாற்றங்களிலும் நிலைத்தது ஊராரின் கடமைமுறை. சூன் 29-இல் வரும் புனித பேதுரு திருவிழா போன்ற விழாக்களின் செலவை ஆண்டுக்கொருவர் ‘மயோர்தோமோ’ என்னும் உபயதாரராக ஏற்பது ஆண்டிஸ் பங்குகளின் வழக்கம். இசைக்குழு, மக்காச்சோளத்தால் காய்ச்சிய ‘சிச்சா’ கள், விருந்து என விரியும் செலவை, ‘அய்னி’ என்ற முறைப்படி உறவினர் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று பெற்ற உதவியை நாளை அதே அளவில் திருப்பித் தருவது அதன் விதி. ஆகஸ்டு மாதத்தில் நிலத்தாயாகிய பச்சமாமாவுக்குக் கோக்கா இலையும் சிச்சாவும் படைப்பவர்களே ஞாயிறு திருப்பலிக்கும் வருகின்றனர். இதில் முரண்பாடு காண்பவர் பெரும்பாலும் வெளியூராரே.

இந்த வாழ்க்கை முறை முழு அளவில் வெளிப்படுவது, அந்தவைலியாஸ் அடங்கிய கிஸ்பிகாஞ்சி மாகாணத்தின் உயர்மலையில், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு 58 நாள்களுக்குப்பின் தொடங்கும் கொய்யுர் ரித்தி திருப்பயணத்தில்தான். 2011-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இத்திருப்பயணத்தில், பாறையில் தோன்றியதாக நம்பப்படும் கிறிஸ்து உருவத்தை வணங்க, ‘நாடுகள்’ எனப்படும் எட்டுப் பிரிவுகளாகப் பல்லாயிரம் பேர் சினாக்கரா என்னும் மலைப்பகுதிக்கு ஏறுகின்றனர். கரடிவேடம் பூண்ட ‘உக்குக்கு’ ஆட்டக்காரர்கள் சவுக்குடன் ஒழுங்கைக் காப்பதோடு, இரவில் பனியாற்றின்மேல் ஏறிப் பனிக்கட்டியை வெட்டி, நோய் தீர்க்கும் மருந்தாக ஊருக்குச் சுமந்துவருவதும் வழக்கமாக இருந்தது. பனியாறு ஆண்டுதோறும் சுருங்கிவருவதைக் கண்டபின், மலைத்தெய்வத்தின் உடலைக் குறைக்கலாகாது என்று அந்தச் சுமையை அவர்கள் தாங்களே கைவிட்டுவிட்டனர்.